பாதுகாப்பாகத் தரையிறங்க விமானக் குழுவினர் ஒருங்கிணைய வேண்டிய முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளிலிருந்து விமானிப் பயிற்சிக்கும் கேபின் பணிக்கும் செல்லும் இளைஞர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். விமானத்தை இயக்கும் கைத்திறனைப் பயிற்சிப் பள்ளி கற்றுத்தந்துவிடும். உடன் இருப்பவரோடு சேர்ந்து தரையிறக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே நீங்களாக வளர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பணி, விமானம் உயரத்தில் நிதானமாகப் பறந்துகொண்டிருக்கும்போதே தொடங்குகிறது. விமானிகள் இருவரில் ஒருவர் விமானத்தை இயக்குபவர், மற்றவர் கண்காணிப்பவர். இப்பொறுப்பு கேப்டனுக்கும் துணை விமானிக்கும் இடையே மாறி மாறி வரும். இறங்கத் தொடங்குமுன் இயக்குபவர் பிரீஃபிங் சொல்ல வேண்டும்: எந்த ஓடுபாதை, என்ன வானிலை, எந்த உயரத்தில் ஓடுபாதை கண்ணில் பட்டாக வேண்டும், படாவிட்டால் எந்த வழியே மேலேறுவது, எரிபொருள் எவ்வளவு நேரம் தாங்கும். கேட்பவர் தலையசைத்துக்கொண்டிருந்தால் போதாது. ஒவ்வோர் எண்ணையும் தம் வரைபடத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் உயரமானியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மேலே பறக்கும்போது 1013 ஹெக்டோபாஸ்கலில் (காற்றழுத்த அலகு) வைத்திருக்கும் அளவை, இறங்கும்போது கட்டுப்பாட்டு அறை தரும் உள்ளூர் காற்றழுத்தத்திற்கு மாற்றுகிறார்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை ஏறத்தாழ 30 அடிப் பிழையாகும் என்பதால், இருவரும் தனித்தனியே மாற்றி, வாய்விட்டுச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தவர் பலர் விமானம் ஏறும் பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதைக்கு 1,000 அடி மேலே இருக்கும்போது அங்கு உயரமானி 4,000 அடியைக் காட்டும். கிட்டத்தட்ட கடல் மட்டத்திலேயே இருக்கும் சென்னையில் பழகியவர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவைப்பது நல்லது.

பொதுவாக 10,000 அடிக்குக் கீழே விமானிகளின் அறையான காக்பிட்டில் பணி சாராத பேச்சுக்கு இடமில்லை. கேபின் பணியாளர்களும் தேவையின்றி அழைப்பதில்லை. ஆனால் புகை நாற்றமோ வழக்கத்திற்கு மாறான சத்தமோ தென்பட்டால், இந்த விதியை நினைத்துத் தயங்காமல் உடனே அழைக்க வேண்டும். இருக்கைப் பட்டை, மேசைப் பலகை, நடைபாதையில் கிடக்கும் பைகள் ஆகியவற்றைச் சரிபார்த்து, கேபின் ஆயத்தம் என்று தெரிவித்த பின் அவர்கள் இருக்கையில் அமர்ந்து, தம் கதவைத் திறக்கும் முறையை மனத்திற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

அடுத்து வருவதே முக்கியமான கட்டம். மேகமோ மூடுபனியோ இருந்தால் ஓடுபாதைக்கு மேல் 1,000 அடியிலும், தெளிவான வானிலையில் 500 அடியிலும் விமானம் நிலைப்பட்டிருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல்; சில நிறுவனங்கள் எப்போதும் 1,000 அடியையே கேட்கின்றன. சக்கரமும் ஃபிளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பிலிருந்து நீளும் மடிப்பு) தரையிறங்கும் நிலையில், வேகம் வரம்புக்குள், இறங்கும் வீதம் நிமிடத்திற்கு 1,000 அடிக்கு மிகாமல், செக்லிஸ்ட் முடிந்த நிலையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கண்காணிப்பவர் "கோ அரவுண்ட்" (தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறுங்கள்) என்று சொல்ல வேண்டும். இயக்குபவர் விவாதிக்காமல் மேலேற வேண்டும்.

2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், துணை விமானி மூன்று முறை கோ அரவுண்ட் கோரியும் கேப்டன் தொடர்ந்து இறங்கினார் என்று விசாரணை கண்டது. 2020 ஆகஸ்ட் 7 அன்று 21 பேர் இறந்த கோழிக்கோடு விபத்திலும் கண்காணித்த விமானி அவ்வாறு சொன்னார். ஆனால் கட்டுப்பாட்டைத் தாமே எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர் செய்வதை இடைமறிப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட நம் ஊர்ப் பிள்ளைகள் இதை ஆழ்ந்து படிக்க வேண்டும். குறையை முதலில் எண்ணோடு சொல்லுங்கள்: "வேகம் பதினைந்து நாட் அதிகம், சார்." (நாட் என்பது விமான வேகத்தின் அலகு.) பதில் இல்லையென்றால் மறுமுறை சொல்லுங்கள். அப்போதும் பதிலும் திருத்தமும் வராவிட்டால், உங்கள் நிறுவனத்தின் நடைமுறைப்படி கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வதை வாய்விட்டு அறிவித்து, எடுத்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டரில் இச்சொற்களை உரக்கச் சொல்லிப் பழகாதவருக்கு, 400 அடியில் நா எழாது. கேப்டனாக உயர்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: "நான் தவறினால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு பிரீஃபிங்கிலும் கேட்டுக்கொள்ள வேண்டும், சொன்னவருக்கு நன்றி கூற வேண்டும்.

மேலேறும்போது முதலில் எஞ்சின் விசை, மூக்கின் கோணம், ஃபிளாப். விமானம் ஏறுவது உறுதியான பின் சக்கரம். கட்டுப்பாட்டு அறைக்கும் பயணிகளுக்கும் அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம். தரையைத் தொட்டுவிட்டால், இறக்கையின் மேல் எழுந்து வேகத்தைக் குறைக்க உதவும் ஸ்பாய்லர் பலகைகள் எழுந்தனவா, எஞ்சினின் எதிர்விசை வந்ததா, வேகம் குறைகிறதா என்பதைக் கண்காணிப்பவர் உரக்கச் சொல்கிறார். ஓடுபாதையை விட்டு விலகிய பிறகே மற்ற செக்லிஸ்ட் வேலைகள் தொடங்குகின்றன. கேபின் பணியாளர்கள் விமானம் நின்று, காக்பிட்டிலிருந்து அறிவிப்பு வந்த பின்னரே அவசரத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்காகக் கதவோடு பொருத்தியிருக்கும் சறுக்குப் பாதையின் இணைப்பை விடுவித்து, ஒருவர் செய்ததை எதிர்ப்பக்கத்தவர் சரிபார்க்கிறார்கள்.