பூட்டானுக்குக் குழுவாகப் போகிறீர்களா?

1974 வரை வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவடைத்திருந்த பூட்டானுக்கு, இந்தியர்கள் போக விசா வேண்டாம். அனுமதிச் சீட்டு போதும். ஆதார் மட்டும் எடுத்துப்போனால் திரும்ப வேண்டியதுதான். பாஸ்போர்ட் (ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்) அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்.

நம் ஆட்களுக்குச் சிக்கல் தருவது இனிஷியல். அட்டையில் 'எஸ். முருகன்', டிக்கெட்டில் 'முருகன் சுப்பையா' என்றால் கேள்வி வரும். பத்துப் பேரின் அட்டைகளையும் முதலிலேயே வாங்கி, அதில் உள்ள எழுத்தை அப்படியே விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் போடுங்கள்.

செலவுக் கணக்கில் பலர் விடுவது, ஓர் இரவுக்குத் தலைக்கு 1200 ரூபாய் அரசுக் கட்டணம். 6 முதல் 12 வயதுவரை பாதி, அதற்குக் கீழே இல்லை. 8 பெரியவர், 2 சிறுவர், 5 இரவு என்றால் 54,000 ரூபாய். ஓட்டல் வாடகை தனி.

பூட்டானின் பாரோ விமான நிலையம் மலைகளுக்கு நடுவே. பகலில் மட்டும்தான் விமானம் இறங்கும், வானிலை கெட்டால் தாமதம். திரும்பும்போது, பாரோவிலிருந்து கிளம்பும் அதே நாளில் சென்னை விமானத்தைப் போடாதீர்கள். கடிகாரத்தையும் அரைமணி முன்னே தள்ளி வையுங்கள்.