பட்ஜெட் ஹெட்போன் இரண்டை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

கடையில் ஐந்து நிமிடம் மாட்டிக் கேட்டுவிட்டு வாங்கி வந்த ஹெட்போன் ஒன்று என் மேஜை இழுப்பறையில் இரண்டு வருடமாகக் கிடக்கிறது. சத்தம் அருமைதான், அதில் குறை சொல்லவே முடியாது. ஆனால் நாற்பது நிமிடம் தாண்டினால் வலது காது மடலின் நுனி உள்ளே இருக்கிற துணியில் உரசி எரிய ஆரம்பித்துவிடும். கடையில் நாற்பது நிமிடம் யார் மாட்டிப் பார்க்க விடுவார்கள்?

அதற்கப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிற இடத்தில் வாங்குவேன், முடிந்தால் நண்பரிடம் இன்னொன்றை இரவல் வாங்குவேன், இரண்டையும் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் வட்டாரத்தில் எல்லாமே ஏதோ ஒன்றில் சமரசம் செய்துதான் தயாரிக்கப்பட்டிருக்கும், அந்தச் சமரசம் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. நான் முதலில் பார்ப்பது சத்தத்தை இல்லை, வசதியை. பாஸ் கொஞ்சம் அதிகம், ட்ரெபிள் கொஞ்சம் குத்துகிறது என்பதையெல்லாம் ஈக்வலைசரில், அதாவது தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஆப்பில், ஓரளவு சரிசெய்துவிடலாம், காது நசுங்குவதற்கு எந்த ஆப்பும் கிடையாது.

சமையலறைத் தராசை எடுங்கள். ஒயரை மேஜை மேல் போட்டுவிட்டு ஹெட்போனை மட்டும் நிறுத்துப் பாருங்கள். ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் ஒயர் இல்லாமல் 190 கிராம், 1991-ல் வந்து இன்றைக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் தொங்குகிற சோனி எம்டிஆர்-7506 சுமார் 230 கிராம், ஏடிஎச்-எம்50எக்ஸ் 285 கிராம். முதலுக்கும் கடைசிக்கும் 95 கிராம் வித்தியாசம், ஒரு பெரிய பூவன் பழம் அளவு. கையில் வைத்தால் தெரியாது, இரண்டு மணி நேரம் உச்சந்தலையில் வைத்தால் தெரியும். ஆனால் எடை குறைவாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம். ஹெட்பேண்ட் மெத்தை மெல்லியதாக, ஒரே புள்ளியில் அழுத்துவதாக இருந்தால் 200 கிராமே தலைவலி கொடுக்கும்.

அடுத்தது இறுக்கம். இதை அளக்க, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு போதும். முதலில் உங்கள் தலையின் அகலம் வேண்டும்: இரண்டு புத்தகங்களைக் காதின் இரு பக்கமும் செங்குத்தாக வைத்து, நடுவில் உள்ள இடைவெளியை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள், என்னுடையது 15 சென்டிமீட்டர். பிறகு காதை மூடுகிற இரண்டு கப்புகளில் ஒன்றை மேஜையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கப்பைச் சுற்றி ஒரு துணிப்பட்டையைப் போட்டு அதில் கொக்கியை மாட்டி, கப்பின் மேல் இருக்கிற மெத்தையான இரண்டு பேடுகளுக்கும் இடையே அதே 15 சென்டிமீட்டர் வரும்வரை பக்கவாட்டில் மெதுவாக இழுத்து, தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அரை கிலோ என்றால் ஏறத்தாழ 5 நியூட்டன். எனக்கு அதைத் தாண்டினால் தாடை வலிக்கிறது, உங்களுக்கு வேறு எண்ணாக இருக்கலாம், அதனால் இப்போது வைத்திருக்கிற, உறுத்தாத ஹெட்போன் ஒன்றை முதலில் அளந்து அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமாக இருப்பதைப் புத்தக அடுக்கில் மாட்டி இரண்டு மூன்று நாள் வைத்தால் கொஞ்சம் தளரும். தளர்வாக இருப்பதை இறுக்குவதுதான் கஷ்டம்.

பேடின் உள்வட்டத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், நீளம், அகலம், ஆழம் மூன்றையும். பெட்டியில் காதை முழுக்க மூடும் வகை என்று போட்டிருப்பார்கள், ஆனால் உள்வட்டம் ஐந்தரை சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆறரை சென்டிமீட்டர் காது அதற்குள் எப்படி உட்காரும்? ஆழத்தை அளக்கும்போது பேடை விரலால் கொஞ்சம் அமுக்கிக்கொண்டு அளக்க வேண்டும், தலையில் மாட்டும்போது அது அமுங்கத்தானே செய்யும். என் இழுப்பறைக்காரரிடம் நான் பார்க்காமல் விட்டது இந்த ஆழத்தைத்தான்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சோதனை. போன தடவை தங்கச்சியிடம் ஒன்றைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "என்னண்ணா, டப்பாவுக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு, பாஸே இல்ல" என்றாள். எனக்கு அதே பாட்டில் பாஸ் தாராளமாகக் கேட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேள் என்றேன், கேட்டவள் இரண்டு விநாடி பேசவில்லை. கண்ணாடியின் காம்பு பேடுக்கும் தோலுக்கும் நடுவே நுழைந்து சின்ன இடைவெளி விடுகிறது, அதன் வழியாகக் காற்றழுத்தம் கசிகிறது, மூடிய வகை ஹெட்போனில் அப்படிக் கசிந்தால் முதலில் அடிபடுவது பாஸ்தான். அடர்த்தியான தலைமுடி, தோடு, தாடி எல்லாம் இதே வேலையைச் செய்யும். அதனால் நீங்கள் வழக்கமாக எப்படி உட்கார்ந்து கேட்பீர்களோ அதே கோலத்தில் கேளுங்கள். அடுத்தவர் இதில் பாஸ் இல்லை என்று எழுதியிருந்தால் அவர் கண்ணாடி போட்டிருந்தாரா என்று ஒரு சந்தேகம் இருக்கட்டும்.

வெயில் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. ரெக்சின் மாதிரியான பேடு காதை நன்றாக மூடும், கூடவே சென்னை மே மாதத்தில் காதை வேகவும் வைக்கும், ஓரிரு வருடத்தில் கறுப்புச் செதில்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் போன்ற துணிப் பேடு குளுமை, ஆனால் கொஞ்சம் கசியும். மாற்றுப் பேடு தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே தேடிவிடுங்கள், பேடை மாற்றினால் சத்தமும் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, இப்போது சத்தம்.

ஒப்பிடுகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, இரண்டையும் ஒரே வால்யூமில் வைத்துக் கேட்பது. போனில் வால்யூம் ஒன்றாக இருந்தால் காதில் விழுகிற சத்தமும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோனி 7506-க்கு மின்தடை 63 ஓம், ஒரு மில்லிவாட் மின்சக்தி கொடுத்தால் வரும் சத்தம் 106 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். எம்20எக்ஸ் 47 ஓம், 96 டெசிபல். போன் கொடுப்பது வோல்டேஜ் என்பதால் இரண்டையும் ஒரு வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும்: ஆயிரத்தை ஓம் எண்ணால் வகுத்து, அதன் லாகரிதத்தைப் பத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். முதலாவதற்கு 12 கூடி 118, இரண்டாவதற்கு சுமார் 13 கூடி 109. காகிதக் கணக்கில் 9 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். சத்தம் கூடும்போது தாழ்ந்த சுருதிகள் இன்னும் நிறைவாகக் கேட்பது காதின் இயல்பு, பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். ஆக, கடையில் ஒரே போனில் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டால் சத்தம் கூடுதலாக வருவதுதான் ஜெயிக்கும், நல்லது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

சமப்படுத்த நான் செய்வது இதுதான். பழைய சிடி ஒன்று. அதன் நடு ஓட்டையில் போனின் மைக் வருகிற மாதிரி வைத்து, சுற்றிலும் குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணால் அடைத்து, மறுபக்கம் ஹெட்போன் கப்பைப் பொருத்துவேன். கப் சிடியின் மேல் முழுக்கப் படிய வேண்டும், ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. வேறொரு போனிலோ லேப்டாப்பிலோ பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்து அருவி மாதிரி இரைகிற சோதனைச் சத்தம்) ஓடவிட்டு, டெசிபல் காட்டுகிற இலவச ஆப்பில் எண்ணைப் பாருங்கள். அந்த எண் உண்மையான டெசிபல் என்று நம்ப வேண்டாம், போன் மைக்கில் அதெல்லாம் நடக்காது, ஆனால் இரண்டு ஹெட்போனுக்கும் ஒரே எண் வருகிற வால்யூம் எது என்று தெரிந்தால் நமக்குப் போதும். பல ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூம் 15 படிதான் இருக்கும், ஒவ்வொரு படியும் பெரிய தாவல், அதனால் கடைசி நுணுக்கத்தை லேப்டாப்பிலோ பாட்டு ஆப்பிற்குள் இருக்கிற ஸ்லைடரிலோ செய்யுங்கள். அரை டெசிபலுக்குள் வந்துவிட்டால் நல்லது. காதில் மாட்டும்போது பேடு வேறு மாதிரி படியும் என்பதால் இது துல்லியமில்லைதான், ஆனாலும் ஒரே வால்யூமில் வைத்துக் கேட்பதைவிடப் பல மடங்கு தேவலை.

அப்புறம், கேட்பதற்கு என்ன போடுவது? உங்களுக்கு மனப்பாடமான நாலு பதிவு போதும், புதுப் பாட்டு வேண்டாம். என் பட்டியலில் மிருதங்கத் தனி ஒன்று கட்டாயம் உண்டு. தொப்பிப் பக்கத்தின் கும்காரமும் வலந்தலையின் மீட்டும் ஒரே வாத்தியத்தில் மேலும் கீழுமாக வருவதால், பாஸ் ஊதிப்போன ஹெட்போனில் தொப்பி ஒரு போர்வை மாதிரி விழுந்து வலந்தலையை மூடிவிடும், நடுச் சுருதிகளில் சத்தம் குறைகிற ஹெட்போனில் இரண்டும் தனித்தனி ஆள் வாசிப்பது போல இருக்கும். தம்புரா மட்டும் ஓடுகிற அரை நிமிடமும் வைத்திருக்கிறேன், மேல் சுரங்களின் அந்த ரீங்காரம் ஒன்றில் பளபளவென்றும் இன்னொன்றில் சோர்ந்தும் வருவதை உடனே பிடித்துவிடலாம். செய்தி வாசிப்பது போன்ற வெறும் பேச்சு ஒன்று, அதில் 'ஸ', 'ஷ' வருகிற இடங்களைக் கவனியுங்கள், ஊசி மாதிரி குத்தினால் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது உயர்ந்த சுருதிகளில், சத்தம் தூக்கலாக ஒரு முகடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பேச்சை மோனோவில் (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) போட்டால் குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள்: சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் ஹெட்போனிலோ போனிலோ, மாறாவிட்டால் உங்கள் காதில். விலை குறைந்தவற்றில் இந்த இடவலப் பொருத்தம் ஒவ்வொரு பீஸுக்கும் வேறுபடும், உங்கள் கைக்கு வந்ததைத்தான் நீங்கள் சோதிக்க முடியும்.

மாற்றி மாற்றிக் கேட்கும்போது இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கும். ட்ரெபிள் தூக்கலான ஒன்றைக் கால் மணி நேரம் கேட்டுவிட்டு எதையும் தூக்காமல் சமமாக ஒலிப்பதை மாட்டினால் அது மங்கலாகத் தோன்றும், அதில் தப்பே இருக்காது. வரிசையை மாற்றி மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கிற மற்ற எண்களுக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. 10 ஹெர்ட்ஸ் முதல் 30,000 ஹெர்ட்ஸ் வரை என்றால், எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம், சொல்ல மாட்டார்கள். மனிதக் காது கேட்பதே இள வயதில் 20 முதல் 20,000 வரைதான். உள்ளே இருக்கிற சின்ன ஸ்பீக்கர், அதாவது டிரைவர், 50 மில்லிமீட்டர் என்பதால் 40-ஐ விட பாஸ் அதிகம் வரும் என்பதும் இல்லை.

எந்தச் சுருதியில் ஹெட்போன் எவ்வளவு சத்தம் தருகிறது என்று அளந்து போட்டு இணையத்தில் கிடைக்கிற கிராஃப்கள் வேறு விஷயம், அவை உண்மையிலேயே உதவும், படிக்கத் தெரிந்தால். முதலில் இடது பக்க அளவுகோலைப் பாருங்கள். மேலிருந்து கீழே 100 டெசிபல் காட்டுகிற படத்தில் எந்த ஹெட்போனும் ஏரித் தண்ணீர் மாதிரி அமைதியாகத் தெரியும், 40 டெசிபல் மட்டும் காட்டினால் அதே கோடு மலைத்தொடர் ஆகிவிடும். அடுத்து, அது நேரடி அளவா, ஏதாவது இலக்குக் கோட்டை, அதாவது ஹெட்போன் இப்படி ஒலித்தால் நல்லது என்று வகுத்த கோட்டை, கழித்துப் போட்டதா என்று பாருங்கள். நேரடி அளவில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 10 டெசிபல் அளவுக்கு ஒரு மேடு இருந்தால் பயப்படாதீர்கள், அது இருக்க வேண்டியதுதான், நம் வெளிக்காதும் செவிக்குழாயும் இயற்கையிலேயே அந்த இடத்தைத் தூக்கிக் கொடுப்பவை. அந்த மேடே இல்லை என்றால் குரல்கள் பின்னால் போய்விடும். இலக்குக் கோடு என்றால் பெரும்பாலும் ஹார்மன் கோடு. ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் ஹார்மன் நிறுவனத்தில் பலரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, எதைப் பிடிக்கிறது என்று கேட்டு உருவாக்கியது. அதன் ஒரு திருத்தம் 2018-ல் வந்தது. பலருக்குப் பிடித்த கோடு என்பதால் உங்களுக்கும் பிடித்தே ஆக வேண்டும் என்றில்லை, கூடுதல் பாஸ் கேட்டவர்களும் குறைத்துக் கேட்டவர்களும் அந்த ஆய்விலேயே தனித்தனிக் கூட்டமாக இருந்தார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: ஒருவர் அளந்த கோட்டை இன்னொருவர் அளந்த கோட்டின் மேல் வைத்து ஒப்பிடாதீர்கள். அளக்கிற செயற்கைக் காது ஆளுக்கு ஆள் வேறு. பழைய வகைக் கருவிகள் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகமில்லை, புரூவல் அண்ட் கேயர் 5128 போன்ற புதியவை மேலே கொஞ்சம் தெளிவாகக் காட்டும். இரண்டு ஹெட்போனையும் ஒரே ஆள் ஒரே கருவியில் அளந்திருந்தால் மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதிலும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற ஊசி முனைகளை வைத்துச் சண்டை போட வேண்டாம், ஹெட்போனை அரை சென்டிமீட்டர் நகர்த்தினாலே அவை இடம் மாறிவிடும்.

கிராஃபில் அகலமான, மென்மையான ஏற்ற இறக்கம் இருந்தால் அதை ஈக்வலைசரில் சரிசெய்யலாம். ஆட்டோஈக்யூ என்ற இலவசத் திட்டத்தில் பல மாடல்களுக்குத் தயார் எண்கள் இருக்கின்றன, விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் அப்படியே போட்டுக்கொள்ளலாம். எதையாவது 5 டெசிபல் தூக்கினால் மொத்த வால்யூமை அதே 5 குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உச்சங்கள் கிழிந்து கேட்கும். ஒயர்லெஸ் வாங்குகிறவர்கள், ஒயர் மாட்டியும் கேட்டுப் பார்க்க வேண்டும், பல மாடல்களில் பவரை அணைத்துவிட்டு ஒயரில் கேட்டால் உள்ளே திருத்தம் செய்கிற சிப் வேலை செய்யாமல் வேறொரு ஹெட்போன் மாதிரி ஒலிக்கும்.

கடைசியாக ஒரு மணி நேரச் சோதனை. நல்ல பாட்டாகப் போடாதீர்கள், பாட்டு பிடித்துப்போனால் வலியை மறந்துவிடுவீர்கள். ஏதாவது நீளமான அலுவலக மீட்டிங்கோ பாடமோ ஓடட்டும், மாட்டிக்கொண்டு வழக்கமான வேலையைப் பாருங்கள், எத்தனையாவது நிமிடத்தில் கை தானாக ஹெட்போனை நகர்த்தப் போகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். இதை எண்ணெய் வைத்த தலையோடு செய்ய வேண்டாம், பேடில் கறை பட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டியையும் அதற்குள் இருக்கிற நெளிநெளிக் கம்பி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் முடிவெடுக்கும்வரை தூக்கிப் போடாதீர்கள், எங்கள் வீட்டில் ஒருமுறை அந்த உறை காய்கறிக் குப்பையோடு போய்விட்டதால்தான் இழுப்பறைக்காரர் இன்னும் இங்கேயே இருக்கிறார்.