சைக்கிள் பயணத்தைப் பசியோடு பொருத்துங்கள்

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டுவோர், எங்கே சாப்பிடுவது என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்பப் புறப்படும் நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது. பூங்காவிலுள்ள லகூன் உணவங்காடியில் சாத்தேயும் (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) சுட்ட திருக்கை மீனும் விற்கும் கடைகளில் பல பிற்பகலில்தான் அடுப்பைப் பற்றவைப்பதால், காலையில் கிளம்புவோர் அங்கே நிற்காமல், கடற்கரைப் பாதையிலேயே கிழக்கே சென்று சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் என்னும் மலாய்ச் சோற்றுணவைச் சாப்பிடலாம். தேங்காய்ப்பால் மணக்கும் சூடான சோற்றில் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலைக் குழைத்து, மொறுமொறுப்பான நெத்திலியோடு சேர்த்து உண்ணும்போது ஓட்டிய களைப்பே தெரியாது.

ஆனால், வழியில் சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய கடலோரச் சாலைப் பகுதியில் நிழலும் கடைகளும் மிகக் குறைவு என்பதால், தண்ணீரைப் பூங்காவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சைக்கிள் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். குழந்தைகள் நடமாடும் இடங்களில் அதைவிட மெதுவாகவே செல்லுங்கள். வயிறு நிறைய உண்டபின் அரை மணி நேரமாவது இளைப்பாறிவிட்டுத் திரும்புங்கள். மாலையில் லகூனை அடைந்தால், வாழையிலையில் சுட்ட திருக்கையும் கிடைக்கும்.