மூன்றாம் நாள் செத்துப்போன சிப்பிக் குஞ்சுகள்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகச் சிப்பியின் இளவுயிரிகளை வளர்ப்பதுதான் என் ஆய்வு. கருவுற்று ஒரு நாளில் ஆங்கில 'D' எழுத்து மாதிரி ஓடு வந்து ஜோராகச் சுற்றும், மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாம் வாளியின் அடியில் கிடக்கும். நாலு தடவை இப்படி. தீனி போதவில்லையோ என்று ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசியை இன்னும் ஊற்றினேன், அதுதான் தப்பு: மிஞ்சிய பாசி அழுகி, சிலியேட்டுகள் என்ற ஒற்றைச்செல் உயிரிகள் பெருகி, வெற்று ஓடுகளுக்குள் புகுந்து மேய்ந்துகொண்டிருந்தன.

அப்புறம் தீனியைப் பாதியாக்கினேன். தண்ணீரை 1 மைக்ரான் வடிகட்டியில் விட்டேன். குஞ்சுகளைத் தினமும் 40 மைக்ரான் சல்லடையில் பிடித்து (சல்லடை தண்ணீரில் முங்கியே இருக்கணும், இல்லாவிட்டால் ஓடு நசுங்கிவிடும்) புது வாளிக்கு மாற்றினேன். ஐப்பசி மழையில் ஆற்றில் உப்பு மளமளவென இறங்கிவிடும், அதனால் இரண்டு வாளியிலும் உப்பைச் சரிபார்த்த பிறகே மாற்றுவேன். ஐந்தாவது தொகுதி கண்புள்ளி தோன்றும் கட்டம், அதாவது ஓரிடத்தில் ஒட்டத் தயாராகும் கட்டம் வரை வந்தது.