பெல்கிரேடில் கைக்காசு கரையாமல் சுற்ற

செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடுக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 2025 ஜனவரி 1 முதல் அங்கே நகரப் பேருந்து, டிராம் எல்லாமே இலவசம். விமான நிலையத்திலிருந்து 72ஆம் எண் பேருந்தில் ஏறினால் காசில்லாமலே நகர நடுவில் ஸெலேனி வெனாட்ஸில் இறங்கிவிடலாம் (ஏ1 என்ற மினிபஸ் மட்டும் தனிக் கட்டணம், அதில் ஏறிவிடாதீர்கள்).

அப்புறம் கலெமெக்தான் கோட்டை. சாவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்துக்கு மேலேயே இருக்கிறது, உள்ளே போக டிக்கெட் கிடையாது, சூரியன் மறையும் நேரத்தில் மதில் மேல் உட்கார இடம் பிடிக்கத்தான் கொஞ்சம் போட்டி இருக்கும். ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு, ஆனால் வெளியே வரிசையாக நிற்கும் பழைய டாங்கிகளைச் சும்மாவே பார்க்கலாம். புனித சாவா தேவாலயமும் இலவசம்தான், அவசரத்தில் நிலவறையைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள், அங்கேயும் பொன் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும்.

சாப்பாட்டுக்கு 'பெக்காரா' என்று எழுதியிருக்கும் பேக்கரிகள் போதும். காலையில் சூடாக ஒரு துண்டு புரெக் (மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் சீஸோ இறைச்சியோ வைத்துச் சுட்டது), கூடவே குடிக்கும் தயிர், மதியம் வரை பசிக்காது. சைவம் என்றால் சீஸ் வைத்ததைக் கேளுங்கள், ஏனென்றால் இறைச்சி வைத்ததும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஸ்கதார்லியா தெருவில் கல் பாவிய பாதையும் பாட்டும் அழகு, ஆனால் அங்கே நடந்துவிட்டு வேறு தெருவில் சாப்பிடுவது என் கட்சி.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 முதல் விசா வேண்டும்.