உப்புத் தண்ணீர் ஊரில் ஷாம்பும் பவுண்டேஷனும் வாங்குவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வசிப்பவர்கள் ஷாம்பு வாங்கப் புறப்படும் முன் குளியலறைக் குழாயைப் பார்த்துவிடுவது நல்லது. இங்கே பல வீடுகளில் குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீர் ஒரு குடத்திலும், குளிப்பதற்கும் துவைப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மேல்தொட்டியிலும் இருக்கும். தலைக்கு வந்து சேர்வது இரண்டாவது தண்ணீர். அது எவ்வளவு கடினமானது என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒன்றில் போர் தண்ணீரும் மற்றொன்றில் மழைத்தண்ணீரும் மூன்றில் ஒரு பங்கு எடுத்து, சாதாரணக் குளியல் சோப்பைச் சம அளவில் சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். மழைத்தண்ணீரில் நுரை கெட்டியாக நிற்கும். கடின நீரில் நுரை சட்டென்று அடங்கி, பால் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பிகள் மிதக்கும். அதே திப்பிதான் சோப்பால் தலை அலசும்போது முடியில் ஒட்டிச் சொரசொரப்பைத் தருகிறது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். முடி கொட்டினால் நம் பக்கத்தில் உடனே "ஃபுளோரைடு தண்ணீர்" என்று சொல்லிவிடுகிறார்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இங்குள்ள நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு காட்டும் முகம் பல்லிலும் எலும்பிலும் தெரிவது. முடியை வறட்டுவதும் மங்கச் செய்வதும் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள். அந்த உப்புகளும் முடியின் மேல்பரப்பைக் கெடுக்குமே தவிர, வேரிலிருந்து முடியை உதிர்த்துவிடும் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

ஆகவே கடின நீருக்கு முதல் விதி, தலைக்குச் சோப்புக் கட்டி வேண்டாம் என்பது. அட்டையில் சிகைக்காய் என்று எழுதியிருந்தாலும் சோப்பு சோப்புதான். ஷாம்பில் உள்ள நுரைப்பொருள்கள் கடின நீரில் அப்படித் திரிவதில்லை. பாக்கெட்டின் பின்புறப் பட்டியலில் டைசோடியம் ஈடிடிஏ அல்லது டெட்ராசோடியம் ஈடிடிஏ என்ற பெயர் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அது அந்த உப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். பல மலிவு ஷாம்புகளிலும் இது இருக்கிறது. அலசி முடித்தபின் கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிதண்ணீரோ சேமித்த மழைத்தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள். விலையுயர்ந்த பாட்டிலுக்கு மாறியபோது தெரியாத வித்தியாசம் இந்த இரண்டு சொம்பில் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது தலை மாறியிருப்பது. இருபது வயதில் எண்ணெய் வழிந்த தலை, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வறண்டு, முடி மெலிந்து, காதோரம் நரைத்திருக்கும். அப்போதும் நாம் பழைய ஷாம்பையே பழக்க தோஷத்தில் கேட்டு வாங்குகிறோம். தேர்வு செய்யும்போது மண்டைத்தோலையும் முடியின் நுனியையும் தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஷாம்பு மண்டைத்தோலுக்கு உரியது, கண்டிஷனர் நுனிக்கு உரியது. இரண்டே நாளில் மண்டை பிசுபிசுத்தால் சோடியம் லாரெத் சல்ஃபேட் உள்ள சாதாரண ஷாம்பு போதும். அலசியபின் தோல் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால், கோக்கமிடோபுரோப்பைல் பீட்டெயின் போன்ற மென்மையான பொருள் பட்டியலின் தொடக்கத்திலேயே வரும் ஷாம்பு பொருந்தும். பட்டியலில் முன்னால் நிற்பதுதான் அதிகம் இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. மெல்லிய முடிக்கு, சிலிகான் வகையான டைமெத்திகோன் மிகுந்த ஷாம்பு கனத்தைக் கொடுத்து முடியைப் படியவைத்துவிடும். அதுவே சுருண்டு சிக்கேறும் முடிக்கு உதவி செய்யும்.

பிரசவம் முடிந்து இரண்டு, மூன்று மாதங்களில் கைநிறைய முடி கொட்டுவதைக் கண்டு பயந்து ஷாம்பை மாற்றிக்கொண்டே இருக்கும் பெண்கள் உண்டு. அது பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாகவே சீராகிவிடும், எந்த ஷாம்பும் அதைத் தடுக்காது. நாளொன்றுக்கு நூறு முடி வரை உதிர்வது இயல்பு. அதற்கு மேல் நெடுநாள் உதிர்ந்தால் ரத்தச்சோகை, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, "ஹேர்ஃபால்" என்று எழுதிய பாட்டில்களுக்குக் கொடுப்பதைவிடப் பயனுள்ள செலவு. விடாத பொடுகுக்கு மருந்துக்கடைகளில் கிடைக்கும் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பை மருத்துவரைக் கேட்டு, வாரம் இரண்டு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும். தேய்த்த உடனே கழுவிவிட்டு "கேட்கவில்லை" என்பவர்களே அதிகம்.

விலையைப் பொறுத்தவரை, பாக்கெட் ஷாம்பை ஏழைகளின் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். ஷாம்பைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்பதற்கு முன்னோடி என்று அறியப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். கணக்கு எளிது: 6 மில்லி பாக்கெட் 2 ரூபாய் என்றால் மில்லிக்கு 33 பைசா, 180 மில்லி பாட்டில் 150 ரூபாய் என்றால் மில்லிக்கு 83 பைசா. பெரிய பாட்டில்தான் லாபம் என்ற நம்பிக்கை ஷாம்பில் பல நேரம் பொய்க்கும். இப்போது பெரும்பாலான பாட்டில்களில் எம்.ஆர்.பி. அருகே ஒரு மில்லியின் விலையையும் அச்சிடுகிறார்கள், அதைப் பார்த்தால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய விலை அச்சிட்ட சரக்கைப் பழைய விலைக்கே கொடுத்தால் கேள்வி கேட்கலாம். புதிய ஷாம்பு எதுவானாலும் நான்கு பாக்கெட் வாங்கி, இரண்டு வாரம் நம் வீட்டுத் தண்ணீரில் அலசிப் பார்த்த பிறகே பாட்டில்.

அரப்புத் தூளையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. உசிலை இலையை அரைத்த இந்தத் தூள் எண்ணெய்க் குளியலுக்கு இன்றும் நல்லதுதான். ஆனால் மெலிந்த, சாயமேற்றிய முடியில் அதன் துகள் சிக்கி, அலசுவதற்குள் முடி அறுந்துபோகும். வடிகட்டிய சாற்றை மட்டும் பயன்படுத்தலாம். "ஷாம்புபோல் போடலாம்" என்று விற்கும் நரைச் சாயம் ஷாம்பு இல்லை, பெரும்பாலும் பாராபினைலீன்டையமீன் கலந்த டை. முழங்கை உட்புறத்தில் தடவி 48 மணி நேரம் பார்க்காமல் தலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

முகத்துக்குப் பூசும் பவுண்டேஷனில் நான் பட்ட நஷ்டம் டியூப்லைட்டால் வந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பேன்சி ஸ்டோரில், விற்பனைப் பெண் புறங்கையில் தடவிக் காட்டிய "நேச்சுரல் பேஜ்" அங்கே பொருந்தியதுபோல் இருந்தது. மறுநாள் கல்யாண மண்டபத்து வாசல் வெயிலில் முகம் மட்டும் சாம்பல் பூத்து, கழுத்து வேறொருவருடையதுபோல் நின்றது. அன்று முதல் நான் பின்பற்றும் முறை இது: பொருந்தும் என்று தோன்றும் ஷேடு, அதற்கு ஒன்று கூடுதலானது, ஒன்று குறைவானது ஆகிய மூன்றையும் தாடையோரத்திலிருந்து கழுத்தை நோக்கிக் கோடாக இழுக்க வேண்டும். பிறகு கடைக்கு வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்க்க வேண்டும். தோல் எண்ணெயும் காற்றும் பட்டு நிறம் சற்றுக் கறுக்கும் பவுண்டேஷன்கள் இருப்பதால்தான் இந்தக் காத்திருப்பு. எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுவே உங்கள் ஷேடு. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஏற்ற ஷேடுகளைச் சிறிய ஊர்க் கடைகள் போதுமான அளவு வாங்கி வைப்பதில்லை. இருப்பதை வாங்கச் சொல்லி வற்புறுத்தினால் வெறுங்கையோடு திரும்புவதே லாபம்.

தோலின் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். வயது ஏறி எண்ணெய்ப் பசை குறைந்த முகத்தில் பளபளப்பில்லாத மேட் வகை பவுண்டேஷன் சிரிப்புக் கோடுகளில் போய்த் தேங்கும். கிளிசரின் உள்ள திரவ வகையை, மாய்ச்சரைசருடன் உள்ளங்கையில் சரிபாதி கலந்து தடவினால் மெல்லியதாகப் படியும், பாட்டிலும் இரட்டிப்பு நாள் வரும். பரு வரும் முகத்துக்கு "ஆயில் ஃப்ரீ", "நான் காமெடோஜெனிக்" (தோல் துளைகளை அடைக்காதது) என்ற குறிப்பு உள்ளதைப் பார்க்கலாம். காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பி ஓசூர்த் தொழிற்சாலையின் ஏசிக்குள் நாள் முழுவதும் இருக்கும் பெண்ணுக்கும், பகலெல்லாம் மாந்தோப்பு வெயிலில் நிற்கும் பெண்ணுக்கும் ஒரே பவுண்டேஷன் பொருந்தாது. பின்னவருக்கு வியர்வையில் வழியும் திரவத்தைவிட, சன்ஸ்கிரீன் மேல் சிறிது காம்பாக்ட் பவுடர் போதும்.

கன்னத்தில் படரும் மங்கு என்னும் கருந்திட்டை மறைக்க வாங்குபவர்கள், வெயில் பாதுகாப்பைக் குறிக்கும் "எஸ்பிஎஃப்" எழுதிய பவுண்டேஷனே வெயிலுக்குப் போதும் என்று நம்ப வேண்டாம். அந்தப் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால் இரண்டு விரல் நீளத்துக்குத் தடவ வேண்டும், பவுண்டேஷனை யாரும் அவ்வளவு பூசுவதில்லை. முதலில் சன்ஸ்கிரீன், அதன்மேல் பவுண்டேஷன். மங்கு போக்கும் என்று சொல்லி உரிம எண் அச்சிடாத டப்பாவில் விற்கும் வெள்ளைக் க்ரீமைத் தொடவே கூடாது. பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்த இத்தகைய க்ரீம்கள் முதல் மாதம் பளிச்சென்று காட்டிவிட்டு, தோலை மெலியவைத்துச் சிவக்கவைத்த பின் அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவு வரிசையில் நிறுத்திவிடும்.

பவுண்டேஷனுக்கு மில்லி கணக்கு மட்டும் போதாது. பாட்டிலில் அச்சிட்ட திறந்த மூடி படத்துக்குள் 12 என்று இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம்தான் அதன் ஆயுள். தினமும் அரை மில்லி பூசுபவருக்கு 30 மில்லி இரண்டு மாதத்தில் தீரும். விசேஷத்துக்கு மட்டும் பூசுபவர் பாதி பாட்டிலைக் குப்பையில் போடுவார், அவருக்குச் சிறிய டியூபே சிக்கனம். கோடையில் வண்டியின் சீட்டுப் பெட்டியில் வைத்தால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும், வாடை மாறினால் எறிந்துவிட வேண்டும். புதிதாக வாங்கியதைக் கல்யாணத்தன்று முதன்முதலாகப் பூசாமல், ஒரு வாரம் முன்பே முழங்கை உட்புறத்தில் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு சாதாரண வேலை நாளில் மாலை வரை முகத்தில் வைத்துப் பாருங்கள்.