படுக்கையில் கிடப்பவர் எரிந்து விழும்போது: பார்த்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஞ்சித் தம்ளர் சுவரில் மோதி உருண்டு வந்து என் காலடியில் நின்றது. மருமகள் ஒன்றும் பேசாமல் பழந்துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தார். கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது 74. கன்னத்துக்குள் தொடங்கிய புற்று சதையை அரித்து வெளியே திறந்துவிட்டது. என்னை வழியனுப்ப வாசல்வரை வந்த மருமகள் தணிந்த குரலில் சொன்னார்: “மூணு மாசமா இதே கதைதான் சிஸ்டர். பேரனைக்கூடக் கிட்ட விட மாட்டேங்குறாரு. அப்பா குணமே அப்படித்தான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். எனக்குத்தான் தாங்கல.”

இனிக் குணமாகாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் செவிலி நான். சாகக் கிடப்பவர்கள் எல்லோரும் கைகூப்பிக்கொண்டு அமைதியாகப் போவதில்லை. திட்டுவார்கள், துப்புவார்கள், விடாமல் கூப்பிடுவார்கள், வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவரைப் பக்தியோடும் பாசத்தோடும் பார்த்துக்கொள்ள நினைக்கும் நல்ல குடும்பங்களிலேயே சில தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சிலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

“அவரு குணமே அப்படித்தான்”

குணம் என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குமேல் நாம் எதையும் தேட மாட்டோம். கண்டக்டர் ஐயாவின் புண்ணிலிருந்து நாற்றம் வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் மனம் நோகக் கூடாதென்று ஊதுவத்தியை மட்டும் கூடுதலாக ஏற்றினார்கள். அவருக்கா தெரியாது? ஒவ்வொரு ஊதுவத்தியும் அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. பேரன் மூக்கைப் பொத்துவதைப் பார்க்க நேர்வதற்கு முன்பே அவனை விரட்டிவிட்டார்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, புண்ணைச் சலைன் விட்டுக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்து அதன்மேல் தூவ மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அது ஒடுக்கும். விலையும் குறைவுதான். அடுத்த வாரம் நான் போனபோது பேரன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

சாகும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை லண்டனில் 1967-இல் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதன் பிறகே டாக்டர். ஆழ்ந்த விசுவாசியும்கூட. சாகும் நோயாளியின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனசு, குடும்பம், பணம், கடவுள் எல்லாம் அதில் பின்னிக்கிடக்கின்றன என்று அவர் சொன்னதைத்தான் நாங்கள் ‘முழு வலி’ என்கிறோம். ஒருவர் எரிந்து விழும்போது இதில் எந்த வலி பேசுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வைத்தியச் செலவுக்கு மகன் நிலத்தை விற்றது தெரிந்த நாளிலிருந்து மாத்திரையைத் துப்பியவரை எனக்குத் தெரியும்.

நேற்றுவரை சாந்தமாக இருந்தவர் ஓரிரு நாளில் ஆளே மாறினால் அது வேறு விஷயம். ஆள் அடையாளம் தெரியாமல் அடிக்கிறார், இல்லாதவர்களோடு பேசுகிறார், துணியைப் பிடுங்குகிறார், பகலெல்லாம் தூங்கி ராத்திரி கத்துகிறார் என்றால் நோயில் மூளை குழம்பியிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். செய்வினை என்று மந்திரிக்க ஆள் தேடும் முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க மகளை அடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மூத்திரம் அடைத்திருந்தது. டியூப் போட்டுப் பை நிறைந்ததும் குழந்தைபோலத் தூங்கிப்போனார். மலச்சிக்கல், காய்ச்சல், ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று காரணங்கள் உண்டு, பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், கட்டிலோடு கட்டிப்போடாதீர்கள்.

“யாருக்கு என்ன பாவம் செஞ்சாரோ”

இந்தப் பேச்சைக் கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று பேசுவார்கள், அவர் நினைவில்லாமல் கிடக்கிறார் என்ற நினைப்பில். கண் மூடியிருந்தாலும் காது கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். போன ஜென்மத்துக் கணக்கு என்று இந்து வீடுகளில் சொல்வதும், விசுவாசம் குறைவு என்று எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் சொல்வதும் ஒன்றுதான். வலியில் கிடப்பவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம். அவர் ஏதோ செய்ததால்தான் வந்தது என்றால் நமக்கு வராது என்று ஒரு தைரியம், அவ்வளவுதான்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு படுத்திருந்த ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனவர். அவரைக் கேட்காமலே கையைப் பிடித்துச் சத்தமாக ஜெபித்தேன், கர்த்தர் சுகம் தருவார் என்றேன். கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். “தர்றதா இருந்தா எப்பவோ தந்திருப்பாரு. நீ போம்மா” என்றார். ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் புரிந்தது, நான் அவருக்காக ஜெபிக்கவே இல்லை. அந்த அறையில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. ஜெபத்தைப் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

எங்கள் பைபிளில், எல்லாம் இழந்து நோயில் விழுந்த யோபுவின் நண்பர்கள் மூவர் உண்டு. அவர் படும் துயரத்தைப் பார்த்து ஏழு நாள் ஏழு இரவு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து, உன் பாவம்தான் காரணம் என்று விளக்க ஆரம்பித்தபோது கெட்டது. சைவ வீடுகளில் அப்பரை நினைவுபடுத்துவேன். திருவதிகையில் சூலை நோயோடு அவர் பாடிய முதல் பதிகமே தாங்க முடியவில்லை, ஏன் விலக்க மாட்டேன் என்கிறாய் என்று சிவனிடம் கேட்கும் முறையீடுதான். வேறு சமயம் போயிருந்த அந்தத் தம்பி வலியோடு வந்து காலில் விழுந்தபோது அக்கா திலகவதியார் பழைய கணக்கைப் புரட்டவில்லை, திருநீறு எடுத்துக் கொடுத்தார். சாமியைத் திட்டுகிறவர் சாமியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அவரை அதட்டி அந்தப் பேச்சை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் “ஜெபிக்கட்டுமா, சும்மா உட்கார்ந்திருக்கட்டுமா?” என்று கேட்டுவிடுகிறேன். சும்மா உட்காரச் சொல்பவர்கள் நிறைய. திருநீறு கேட்டால் பூசிவிடுவேன். குர்ஆனிலிருந்து யாசீன் ஓதக் கேட்டால் ஓதத் தெரிந்தவரை அழைக்கச் சொல்வேன். என் விசுவாசம் அதனால் குறைந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை.

“மார்ஃபினைக் கடைசிக்கு வச்சுக்கலாம்”

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு நெஞ்சு பதறும். மாத்திரை பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும், நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். கேட்டால் போதை ஆகிவிடும் என்பார்கள், மூச்சு நின்றுவிடும் என்பார்கள். டாக்டர் சிறிய அளவில் தொடங்கி வலிக்கேற்பக் கூட்டும் மார்ஃபின் வலியைத்தான் எடுக்கும், உயிரை எடுக்காது. சாதாரண மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி திரும்பி வரும் முன்பே கொடுக்க வேண்டும். முதல் ஓரிரு நாள் தூக்கமாக இருக்கும், பிறகு தெளிந்துவிடும். மலம் நிச்சயம் இறுகும், ஆகவே மலமிளக்கியும் முதல் நாளே சேர வேண்டும்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து நம் நாட்டில் பல மருந்துக்கடைகள் மார்ஃபினை வைக்காமலே விட்டன. கோழிக்கோட்டில் 1993-இல் வலி தணிப்புச் சங்கம் தொடங்கிய டாக்டர்களில் ஒருவரான எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டு போராடிய பிறகே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படிக் கிடைத்த மாத்திரையைப் பூட்டி வைக்காதீர்கள்.

வலியைப் பொறுத்துக்கொண்டால் புண்ணியம், இது உங்கள் சிலுவை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. வலியைத் தணிக்கும் மருந்தை விசுவாசிகள் ஏற்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொல்லிவிட்டார். தன் சிலுவையைத் தான் சுமப்பேன் என்று நோயாளி சொல்லலாம். அடுத்தவர் முதுகில் நாம் ஏற்றக் கூடாது.

“அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்”

கேட்டைத் திறக்கும்போதே காதில் போடுவார்கள். கீமோ வார்டில் மாதக்கணக்கில் படுத்து, முடி கொட்டி, பக்கத்துப் படுக்கைக்காரர் போனதையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு அல்சர் என்று கதை சொல்வார்கள். அவருக்குத் தெரியும். எல்லோரும் நடிப்பதும் தெரியும். அந்தத் தனிமையும் கோபமாகத்தான் வெளியே வரும். ஒரே மூச்சில் போட்டு உடைக்க வேண்டாம். “உங்களுக்கு என்னய்யா தோணுது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரே காட்டுவார்.

“என்ன இருந்தாலும் புருஷன்தானே”

குடித்துவிட்டு முப்பது வருஷம் அடித்தவர் இப்போது படுத்துவிட்டார். அந்த மனைவிதான் மலம் அள்ளுகிறார், இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார். அவரிடம் போய், மன்னித்துவிடு, அப்போதுதான் ஆத்மா சாந்தியாகப் போகும் என்று சொந்தக்காரர்கள் நச்சரிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மன்னிப்பு அந்த அம்மாவுடையது. தருவதும் தராததும் அவர் இஷ்டம். வெறுப்போடு இருந்தாலும் அழுக்குத் துணியை நேரத்துக்கு மாற்றுகிறாரே, அதற்குமேல் எந்தக் கருணையை அவரிடம் கேட்பது?

கை நீட்டினால் அடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதும் இல்லை. “நான் வெளியே போய்ட்டுப் பத்து நிமிஷத்துல வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள், அல்லது 104-க்கு அழையுங்கள்.

“ஒரு வாய், ஒரே ஒரு வாய்”

கடைசி நாட்களில் உடம்பு சோறு கேட்காது. சாப்பிடாததால் சாகவில்லை, உடம்பு அடங்கிக்கொண்டு வருவதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. இது புரியாமல் வாயைப் பிளந்து ஊட்டும்போது அவர் துப்புகிறார், நாம் அடம் என்கிறோம். நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டில் வாஸலின் தடவினால் போதும்.

நினைவு தப்பி இழுத்துக்கொண்டு கிடப்பவர் வாயில் பால் ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஆளுக்கு ஒரு சங்கு ஊற்றினால் விழுங்க முடியாமல் அது நுரையீரலுக்குள்தான் போகும், மூச்சுத் திணறும். வழக்கத்தை விடச் சொல்லி நான் சண்டை போடுவதில்லை. விரல் நுனியில் பாலைத் தொட்டு உதட்டில் தடவச் சொல்வேன். வரிசையாக வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, தடவிவிட்டுப் போவார்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கண்டக்டர் ஐயா அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். கடைசிவரை மருமகளிடம் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. வாய்ப் புண் பெரிதாகிப் பேச்சும் போய்விட்டது. ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டு நான் பாத்ரூமில் கை கழுவிக்கொண்டிருந்தேன், மருமகள் ரத்தத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டிலைத் தட்டினார். மருமகள் திரும்பிப் பார்த்ததும் ஐந்து விரலையும் குவித்துத் தன் வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். “இல்ல மாமா, இனிமேதான்” என்றார் மருமகள். போ, போய்ச் சாப்பிடு என்று கையை அசைத்தார்.